ஓரடிக்கு 25,500 லிட்டர்: ஒரு பழங்கிணற்றை மீட்ட பதிவு

எங்கள் தோட்டம் அவிநாசிக்கும் அன்னூருக்கும் இடையே, செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்த 3 ஏக்கர் மேட்டு நிலம். அதன் தென்கிழக்கு மூலையில், 30 அடிக்கு 30 அடி சதுரமாக, 58 அடி ஆழத்தில் அப்பாரு (தாத்தா) காலத்தில் வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்திலும், பிறகு எண்ணெய் எஞ்சின் வந்த காலத்திலும், அதன் பின் 5 குதிரைத்திறன் மின்மோட்டார் வந்த காலத்திலும் அது குடும்பத்துக்குச் சோறு போட்டது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. நாங்களும் மூன்று ஓட்டினோம். முதலாவது 400 அடியில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு நின்றது, இரண்டாவது 850 அடியில் நீரில்லாமல் வெறும் பாறைத்தூள் புகையைக் கக்கியது, மூன்றாவது இன்றும் கால் மணி நேரம் ஓடினால் மூச்சு வாங்குகிறது. இதற்கிடையில் பழைய கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முள் வெட்டினால் போடுவதற்கும், உடைந்த ஓட்டைக் கொட்டுவதற்கும் அதுவே இடமானது.

2022 ஏப்ரலில் நான்காவது போர் (ஆழ்துளைக் கிணறு) ஓட்டுவதா, கிணற்றைத் தூர் வாருவதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா தம் அனுபவத்தில் உறுதியாகச் சொன்னார்: “அந்தக் கெணத்த வெச்சுட்டு என்ன பண்ணப்போற தம்பி, கெழக்கால ஒரு போர் ஓட்டிப்போடு.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறைப் பகுதி. எங்கள் பகுதியும் அதில் அடக்கம். இத்தகைய நிலத்தில் நீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடும் வெடிப்புகளிலும்தான். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைகின்றன. 850 அடியில் கிடைத்த புகையே அதற்குச் சாட்சி. அகன்ற கிணறு அப்படியல்ல. மேலடுக்கின் கசிவை நான்கு சுவரிலும் வாங்கித் தனக்குள் சேர்த்து வைக்கும் தொட்டியும் அதுவே, சுற்றியுள்ள அடுக்குக்குள் நீரைத் திருப்பி அனுப்பும் வழியும் அதுவே. எனவே கிணற்றின் பக்கம் நின்றேன்.

வேலை தொடங்குமுன் செய்த முதல் காரியம் அளவெடுப்பு. முனையில் இரும்புக் குண்டு கட்டிய நாடாவை இறக்கிப் பார்த்தபோது 51 அடியில் சேற்றில் அமிழ்ந்தது. சேற்றின் மேல் நீர் ஒரு சாண் கூட இல்லை. அதாவது, 58 அடிக் கிணற்றில் 7 அடி தூர்ந்திருந்தது. கிணற்றின் பரப்பு 900 சதுர அடி என்பதால், 7 அடிக்கு 6,300 கன அடி, ஊர்க் கணக்கில் 63 யூனிட் மண். அன்றே இன்னொரு கணக்கையும் போட்டு மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைத்தேன். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், ஆகவே இந்தக் கிணற்றில் நீர் ஓரடி உயர்ந்தால் ஏறத்தாழ 25,500 லிட்டர், ஓர் அங்குலம் உயர்ந்தால் ஏறத்தாழ 2,120 லிட்டர். பின்னால் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இந்த இரண்டு எண்களே அடிப்படையாயின.

தூர் வார வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் மூத்தவர் கிணற்று வேலையிலேயே தலை நரைத்தவர். கிரேன் வண்டி வந்து நின்ற பிறகும் அவர் யாரையும் இறங்க விடவில்லை. “வெளக்கு எறக்கிப் பாக்காம உள்ற கால் வெக்கக் கூடாதுங்க” என்று சொல்லி, ஒரு அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார். 40 அடி வரை சுடர் நேராக நின்றது. 46 அடியை நெருங்கும்போது மஞ்சள் குறைந்து சிறுத்தது. சேற்றை எட்டுமுன்பே அணைந்துவிட்டது. முள்ளும் தழையும் ஆண்டுக்கணக்கில் அழுகிய கிணற்றில், காற்றைவிடக் கனமான கரியமில வாயு அடியில் தேங்கி, மூச்சுக்கு வேண்டிய காற்றைத் தள்ளிவிடும். இதை அறியாமல் ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் மடிவதுதான் கிணற்றுச் சாவுகளின் வழக்கமான கதை. விளக்குச் சோதனையும் முழுக் காப்பு அல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும். விளக்கு எரிகிறது என்றால் உயிர்க்காற்று ஓரளவு இருக்கிறது என்று மட்டுமே பொருள். அழுகிய சேற்றைக் கிளறும்போது வெளிப்படும் நச்சு வாயுவையோ, எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடையோ சுடர் காட்டிக் கொடுக்காது. ஆகவே மின்விசிறி ஊதியை மேலே வைத்து, 6 அங்குலக் குழாயின் வழியே அடிவரை காற்றைச் செலுத்தினோம். மறுநாள் காலையில் விளக்கு அடிவரை எரிந்த பிறகே முதல் ஆள் இறங்கினார், அதுவும் இடுப்பிலும் தோளிலும் கட்டிய கயிற்றுடன். கிரேனின் புகையைக் காற்று கிணற்றுக்கு அப்பால் கொண்டு போகுமாறு வண்டியை நிறுத்தினோம். வேலை நடந்த 11 நாளும் ஊதி ஓய்ந்ததே இல்லை.

மேலே வந்த மண்ணில் முதல் மூன்றடி கிட்டத்தட்ட முழுவதும் நாங்கள் போட்டதுதான்: பிளாஸ்டிக் பை, மருந்துப் புட்டி, ஓட்டுத் துண்டு, ஒரு சைக்கிள் சக்கரம். அதற்கும் கீழே நீர் அள்ளும் கவலைப் பறியின் வாயில் இருந்த இரும்பு வளையம் ஒன்று துரு ஏறிக் கிடைத்தது. அம்மா அதைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறார். மருந்துப் புட்டிகளைக் கண்டபோது மட்டும் எனக்கு நிம்மதியாக இல்லை. நாங்களே குடித்த நீர் அது.

தூர் வாரியதன் உண்மையான பயன் 53 அடியில் தெரிந்தது. வடக்குச் சுவரில், பாறையின் குறுக்கே ஒரு விரல் அகல வெடிப்பு, களிமண் அடைத்து வழுவழுப்பாக இருந்தது. பெரியவர் கடப்பாரையின் முனையால் களிமண்ணைக் கெல்லி, மேலிருந்து வந்த குழாய் நீரை அழுத்தமாகப் பாய்ச்சினார். முதலில் சிவந்த நீர் வழிந்தது, கால் மணி நேரத்தில் தெளிந்தது, மாலைக்குள் ஒரு குடம் நிறையும் அளவுக்கு ஓயாமல் கசியத் தொடங்கியது. கிணற்றின் முதன்மை ஊற்றுக்கண்ணை நாங்கள் இத்தனை ஆண்டும் சேற்றுக்குள் புதைத்து வைத்துவிட்டு, ஊற்று செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் கடைசியில், அந்தக் கொடுங்கோடையிலும், கிணற்றில் 2 அடி நீர் நின்றது. கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளையிடும் சைடு போர் போடலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையை அப்போதே தள்ளி வைத்துவிட்டேன்; இருக்கும் கண்களைத் திறக்காமல் புதுக் கண் தோண்டுவதில் பொருளில்லை.

மேல் 15 அடிக்கு இருந்த கல் கட்டில் அரசங்கன்றுகள் வேர் விட்டிருந்தன. வேரைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வருகிறது என்பதால், கன்றை வெட்டி, வேரின் வெட்டுவாயை மட்டும் பட்டுப்போகச் செய்து, உள்வேரை அப்படியே விட்டோம். கட்டு வேலைக்கு வந்த கொத்தனார் முழுச் சுவரையும் சிமெண்ட் பூசி வழவழப்பாக்கித் தருவதாகச் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், மழைக்காலத்தில் மேலடுக்கின் நீர் அந்தக் கல் இடுக்குகளின் வழியாகவே உள்ளே வருகிறது. அதை அடைத்தால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, ஒரு நாள் சுவரையே உள்ளே தள்ளிவிடும். பெயர்ந்த கற்களை மட்டும் திரும்ப அடுக்கி, நான்கடிக்கு ஒன்றாகக் குழாய்த் துண்டு பதித்துக் கசிவுத் துளை விடச் சொன்னேன். கிணற்றைச் சுற்றி மூன்றடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பியதற்கு மட்டும் அவருடைய விருப்பப்படி பூச்சு வைத்துக்கொள்ள விட்டேன்.

மே மாதம் ஒரு கோடை மழைக்குப் பிறகு நீர் 6 அடியானபோது பிளீச்சிங் பவுடர் போட்டோம். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பொதுவான அளவு. 6 அடிக்கு 1,53,000 லிட்டர் என்ற கணக்கில் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. தூளை நேரே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல்தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதை நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக அலைக்க வேண்டும். அடிமண்டியையும் சேர்த்துக் கொட்டினால் ஏற்கெனவே உப்பாக இருக்கும் நீரின் கடினத்தன்மை இன்னும் கூடும்.

அடுத்து நடந்தது என் தவறு. கிணற்றைத் தூர் வாரியாயிற்று, இனி மழைநீரை உள்ளே விட வேண்டும் என்ற அவசரத்தில், தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் 6 அடிக்கு 4 அடி குழி ஒன்று எடுத்து, அடியில் பெருஞ்சல்லி, அதன் மேல் சிறுசல்லி, அதற்கும் மேல் ஆற்று மணல் பரப்பி, அதிலிருந்து 4 அங்குலக் குழாயைக் கிணற்றின் சுவர் வழியே உள்ளே திறந்துவிட்டேன். மழைநீர் சேகரிப்பு விளக்கப் படங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் வரைந்திருப்பார்கள். 2022 அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை ஓர் இரவில் பெய்தது. செம்மண் கரைந்த நீர் வந்து மணலின் மேல் அரை அங்குலக் களிமண் தோல் ஒன்றை விரித்துவிட்டது. அதன் பிறகு வந்த நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. குழி நிரம்பி வழிந்து, கிணற்றின் கிழக்கு மேட்டை அரித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு கல்லோடு கிணற்றுக்குள் கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தபோது நீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. நீர் வற்றிய பின் அளந்ததில், ஓர் இரவில் 8 அங்குலம் சேறு, அதாவது 6 யூனிட் மண். சேமிக்கிறேன் என்று சொல்லி ஒரே மழையில் நானே கிணற்றைத் தூர்த்திருந்தேன். குழாயிலிருந்து நேரே விழுந்த நீரும் தன் பங்குக்கு எதிர்ப்புறக் கல் கட்டில் இரண்டு கற்களைப் பெயர்த்திருந்தது.

அதற்குப் பின் அடுத்த மழை வரை நான் வேறு எதையும் கட்டவில்லை. மழை பெய்யும்போது வாய்க்காலில் ஓடிய நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் மணல் அடியில் உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் மேலே நீர் செம்புழுதியாகவே இருந்தது. இரவு முழுவதும் அசைக்காமல் வைத்த பின், மறுநாள் காலையில்தான் மேல் பாதி ஓரளவு தெளிந்திருந்தது. என் மண்ணிலிருந்து வரும் நீரை மணல் வடிகட்டியால் வெல்ல முடியாது, அதற்குத் தேவை ஓர் இரவு ஓய்வு என்பதை அந்தப் புட்டி எனக்குக் காட்டியது. வண்டல் மண்ணோ மணற்பாங்கான நிலமோ உள்ளவர்களுக்குப் புட்டி வேறு விடை சொல்லும். குழி எடுப்பதற்கு முன் அந்த ஒரு நாளைச் செலவிடுவது நல்லது.

2023 கோடையில், பழைய வடிகட்டியை மூடிவிட்டு, அதே மூலையில் 30 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினோம். அதன் கொள்ளளவு 3,000 கன அடி, ஏறத்தாழ 85,000 லிட்டர். 50 மில்லிமீட்டர் மழை என் 3 ஏக்கரில் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால், 1,20,000 லிட்டர் வரும். எனவே பெருமழையின் முதல் பெரும்பகுதியைக் குட்டை பிடித்துவிடும், மிச்சம் கல் பாவிய வழிந்தோடி வழியாகப் பழையபடி ஓடைக்குப் போகும். ஓடைக்குப் போகும் நீரை முற்றிலும் மறிக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். கீழே உள்ள குளத்துக்கும் அதில் பங்கு உண்டு. குட்டைக்குள் நுழையும் வாய்க்காலின் வாயில் மூன்று வரிசை வெட்டிவேர் நட்டோம். குட்டையின் நடுவில் 6 அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அடியிலிருந்து 3 அடிக்கு மேல் மட்டும் துளையிட்டு வலை சுற்றினோம். அதனால் கீழ் 3 அடி நீர் எப்போதும் மண்டிக்கு. மேல் 2 அடித் தெளிவு மட்டுமே குழாய்க்குள் போகும். அந்தக் குழாய் கிணற்றுக்குப் போகும் வழியில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. மழை பெய்த இரவில் அது மூடியே இருக்கும். மறுநாள் காலையில் புட்டியில் நீர் எடுத்து, அதன் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து தெரிந்தால் திறப்பேன். தெரியாவிட்டால் மாலை வரை விட்டுவிடுவேன். கிணற்றுக்குள் குழாய் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நீண்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பி நீர்மட்டத்துக்கு அருகில் முடிகிறது; கல் கட்டில் இப்போது ஒரு சொட்டும் படுவதில்லை.

வயல் நீரைக் கிணற்றில் விடுவதற்கு ஒரு விலை உண்டு. யூரியாவும் சாணமும் போட்ட மண்ணில் ஓடி வரும் நீர் நைட்ரேட்டைக் கரைத்துக் கொண்டு வரும். மண் படியும், அது படியாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. ஆகவே கிணற்று நீரைக் குடிப்பதையே நிறுத்திவிட்டோம். அது பயிருக்கும் மாட்டுக்கும் மட்டும். குடிக்க வீட்டுக் கூரை நீர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழாயும் ஒரு குழியும் வந்தன. குழியில் அடுத்த ஆண்டே மண் நிறைந்து, அதன் மேல் கறிவேப்பிலை முளைத்துவிட்டது; ஊரில் பாதி வீடுகளின் கதை இதுதான். வீடும் கொட்டகையும் சேர்த்து 150 சதுர மீட்டர் கூரை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை, அதில் 85 சதவீதம் கையில் கிடைக்கும் என்று வைத்தால் 76,500 லிட்டர், கிணற்றளவில் சரியாக 3 அடி. முதல் 200 லிட்டர், அதாவது முதல் 1.3 மில்லிமீட்டர் மழை, தூசியோடு ஒரு பீப்பாயில் விழுந்துவிடும். அது நிரம்பிய பிறகே நீர் 10,000 லிட்டர்த் தரைத்தொட்டிக்குப் போகும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்றால், அது ஐந்து பேருக்கு 200 நாள். தொட்டி நிரம்பிய பின் மிஞ்சும் கூரை நீரை மட்டும், சல்லி வடிகட்டி வழியாக, புகை கக்கிய அந்த 850 அடிப் போருக்குள் விடுகிறேன். வயல் நீரை அங்கே விட மாட்டேன். ஆழத்தில் போன அழுக்கை யாரும் வெளியே எடுக்க முடியாது. அந்தப் போரின் வாய் நீண்ட நாள் ஒரு சாக்கால் மட்டும் மூடப்பட்டுக் கிடந்தது. 2019 அக்டோபரில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்து, ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நாள்களில்தான், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாய் திறந்து கிடக்கிறது என்பது உறைத்து, திருகு மூடி வாங்கிப் போட்டேன்.

இனி அளவு. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சிவப்புக் கோடு, அதுவே பூச்சியம். ஒவ்வொரு ஞாயிறும் காலை 6 மணிக்கு, மோட்டார் போடுமுன், கோட்டிலிருந்து நீர் எத்தனை அடி கீழே என்பதை நோட்டில் எழுதுகிறேன். நாடாவின் கடைசி அடியில் சுண்ணக்கட்டி பூசியிருந்தால் நனைந்த எல்லை தெளிவாகத் தெரியும். ராட்டையில் ஆடும் நாடாவை நம்பி மேலிருந்து கணிப்பதைவிட இது துல்லியம்.

2024 சனவரியில் ஒரு நாள், கிணறு எவ்வளவு தரும் என்பதைச் சோதித்தேன். முதலில் மோட்டாரின் வெளியேற்றம்: 200 லிட்டர்ப் பீப்பாய் 24 நொடியில் நிறைந்தது, ஆக மணிக்கு 30,000 லிட்டர். காலை 6 மணி முதல் 8 மணி வரை ஓட்டினேன். 60,000 லிட்டர் வெளியே வந்தது. மட்டம் 26 அங்குலம் இறங்கியது. ஊற்றே இல்லாவிட்டால் 28 அங்குலத்துக்கும் சற்று மேல் இறங்கியிருக்க வேண்டும். மீதத்தை ஊற்று ஈடு செய்திருந்தது. மோட்டாரை நிறுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் 2 அங்குலம் ஏறியது. மாலை 6 மணிக்கு மொத்தம் 15 அங்குலம். பிறகு வேகம் குறைந்துகொண்டே போனது, ஏனெனில் கிணற்று மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தை நெருங்க நெருங்க நீரைத் தள்ளும் விசை குறையும். மறுநாள் காலை 6 மணிக்கு 22 அங்குலம். பழைய கோட்டுக்கு இன்னும் 4 அங்குலம் குறைவு. 4 அங்குலம் என்பது 8,500 லிட்டர். ஆகவே அந்த 24 மணி நேரத்தில் கிணற்றுக்கு வந்தது ஏறத்தாழ 51,500 லிட்டர். இந்தக் கிணறு அந்த மாதத்தில், அந்த மட்டத்தில், நாளுக்கு 50,000 லிட்டர் தரும்; அதாவது மோட்டார் 1 மணி 40 நிமிடம் ஓடலாம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இருப்பிலிருந்து எடுப்பது. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்கும் பழக்கமே எங்கள் பக்கம் கிடையாது. மின்சாரம் வரும் நேரத்தில் ஓடும், போனால் நிற்கும், அவ்வளவே.

அன்றிரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்ட கணக்குதான் என்னை உலுக்கியது. நாளுக்கு 50,000 லிட்டர் வீதம் ஆண்டில் 200 நாள் இறைத்தால் 1 கோடி லிட்டர். என் 3 ஏக்கரில் ஓர் ஆண்டில் விழும் முழு மழையையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் 73 லட்சம் லிட்டர்தான். அந்த மழையிலும், சிதைந்த பாறை நிலத்தில் தானாக நிலத்தடிக்குப் போவது நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டியதே: 7.3 லட்சம் லிட்டர், அதாவது 15 நாள் இறைப்பு. ஆக, கிணறு தருகிறது என்று நான் மகிழ்ந்த நீரில் பெரும்பங்கு என் நிலத்தில் பெய்ததே அல்ல. சுற்றியுள்ளவர்களின் நிலத்தில் விழுந்து, வெடிப்பின் வழியே என் பள்ளத்துக்கு வந்தது. அவர்களும் இறைக்கிறார்கள், நானும் இறைக்கிறேன். ஓராண்டில் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கும் பகுதிகளை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 100 சதவீதத்தைத் தாண்டியவை என்று தனியே வகைப்படுத்துகிறது. அந்த வகைக்குள் என் ஒரு தோட்டத்தைத் தனியாகப் போட்டால் எங்கே நிற்கும் என்று பார்க்கவே கூச்சமாக இருந்தது.

குட்டையும் தூர் வாரலும் இந்த இடைவெளியை நிரப்பாது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதால், இறைப்பைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாழையை அந்தப் பருவத்தோடு நிறுத்தினேன். 2 ஏக்கரில் உள்ள 140 தென்னைக்கும் வாய்க்கால் பாய்ச்சலை விட்டுச் சொட்டுநீர் போட்டோம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருவதால் கைச்செலவு பெரிதாக இல்லை. மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் என்றால் 8,400 லிட்டர். மீதி ஒரு ஏக்கரில் சோளத்தட்டும் காய்கறியும். இப்போது மோட்டார் நாளுக்கு 40 நிமிடம், அதாவது 20,000 லிட்டர். 200 நாளுக்கு 40 லட்சம். இதுவும் என் நிலம் தருவதைவிட அதிகம்தான், ஆனால் கோடியிலிருந்து இறங்கியிருக்கிறது.

கிணறு ஏறியதில் எவ்வளவு என் வேலையால், எவ்வளவு வானத்தால் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். 300 மீட்டர் தள்ளி, மாமாவின் தோட்டத்தில் இறைப்பு இல்லாத பழைய கிணறு ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அதையும் அளந்து வந்தேன். 2022 டிசம்பரில் என் கிணற்றில் நீர் கோட்டிலிருந்து 44 அடி கீழே. ஓராண்டு கழித்து, குட்டை வந்த பின், 37 அடி. 7 அடி ஏற்றம். அதே காலத்தில் மாமாவின் கிணறு ஓரடியே ஏறியது. மழை இரண்டு கிணற்றுக்கும் ஒன்றுதான் என்பதால், மீதி 6 அடிக்குத் தூர் வாரிய ஊற்றுக்கண்ணும் குட்டையுமே காரணம் என்று கொள்கிறேன். ஆனால் 2024-இல் நிலைமை மாறியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 17-இல் தொடங்கி, எங்கள் ஊர்க் குளத்திலும் நீர் நின்றது. அந்த டிசம்பரில் என் கிணறு மேலும் 6 அடி ஏறி 31 அடிக்கு வந்தது. மாமாவின் கிணறும் 5 அடி ஏறியது. ஆகவே அந்த ஆண்டின் ஏற்றத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன். பல தலைமுறை கேட்டுப் பெற்ற நீர் அது. மாமா மட்டும், தம் கிணற்றில் நீர் மின்னுவதைப் பார்த்த பிறகு, கிழக்கே போர் ஓட்டுவதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. தூர் வார யார் வந்தார்கள், கிரேனுக்கு நாளுக்கு எவ்வளவு என்று விசாரித்தார்.

இந்த மே மாதம் குட்டை வற்றியதும் அதன் அடியை அளந்தேன். இரண்டு பருவத்தில் 9 அங்குலம் மண்டி சேர்ந்திருந்தது: 450 கன அடி, நாலரை யூனிட். கிணற்றுக்குள் போயிருந்தால் அரை அடி உயரத்துக்கு நின்று, அந்த 53 அடி ஊற்றுக்கண்ணை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும். இரண்டு நாள் வேலையாக அதை வெட்டி எடுத்து, வந்த இடமான மேற்கு மேட்டிலேயே, தென்னை வட்டப்பாத்திகளில் பரப்பிவிட்டோம். செங்குத்துக் குழாயின் வலை ஓர் இடத்தில் கிழிந்திருக்கிறது. பருவமழைக்கு முன் அதை மாற்ற வேண்டும்.